எஃப்.டி.யை உடைக்கும் முன் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிப் பாருங்கள்
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். அதில் பாதிக் காலம் திண்டிவனம் கிளையில். தினமும் விழுப்புரத்திலிருந்து போய் வருவேன். ஓடிப் போய் பஸ் பிடித்த கால், ஓய்வு பெற்ற இரண்டாம் வருடமே நம் பிளாக் படிக்கட்டில் மக்கர் செய்ய ஆரம்பித்தது.

எக்ஸ்ரே எடுத்தேன். "மூட்டு தேய்ஞ்சிடுச்சு சார்" என்றார்கள். உங்கள் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுழற்றி, அதில் ஒரு பகுதியைப் பிரித்து மூட்டில் ஊசியாகப் போட்டால் குருத்தெலும்பு வளரும் என்றார் ஒருவர். ஒரு எஃப்.டி.யை முதிர்வுக்கு முன்பே உடைத்து மூன்று ஊசி போட்டுக்கொண்டேன். சில மாதத்தில் வலி பழையபடி வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். பேப்பரைப் பார்க்காமல் கடன் கொடுத்துவிட்டு, பிறகு பேப்பரைத் தேடின கதைதான்.

முதலில், இது ஏன் வருகிறது? வயதானால் வரும் என்று எல்லோரும் சொல்கிறோம். வயது ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நம் நாட்டில் ஐந்து இடங்களில் சுமார் 5,000 பேரைப் பரிசோதித்தார்கள். 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் தேய்மானம் இருந்தது. பெண்கள், எடை கூடியவர்கள், உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் ஆகியோரிடம் அதிகம். கவுன்டரில் உட்கார்ந்த எனக்கு அந்த வரி சுருக்கென்று தைத்தது.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும். ஈர ஸ்பாஞ்சை அமுக்கி விடுவது போல, நடக்கும்போது அமுங்கி விரிந்துதான் அது சத்தை உறிஞ்சுகிறது. அதற்கு நரம்பும் கிடையாது. வலி வருவது சுற்றியுள்ள சவ்விலும் அடியிலுள்ள எலும்பிலும். அதனால்தான் எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் சிலர் நன்றாக நடக்கிறார்கள், லேசாகத் தெரியும் சிலர் துடிக்கிறார்கள். வலிக்கிறதே என்று காலை நீட்டி உட்கார்ந்தே இருந்தால், மூட்டைத் தாங்கும் தொடைத் தசையும் இளைத்துப் போகிறது.

அடுத்து, வைத்தியம். 2002இல் அமெரிக்காவில் 180 பேரை வைத்து ஒரு சோதனை. சிலருக்கு முழங்காலில் துளையிட்டுச் சுத்தம் செய்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டு, ஆபரேஷன் செய்தது போலவே அனுப்பினார்கள். இரண்டு வருடம் பார்த்ததில் வலியில் வித்தியாசமே இல்லை. எனக்குப் போட்ட அதே வகை ரத்த ஊசியை 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். ஒரு வருடம் கழித்து வலியிலும் சரி, குருத்தெலும்பிலும் சரி, குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. 2020இல் ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் பிசியோதெரபிதான் ஜெயித்தது.

எடையிலும் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. இந்த வட்டி எந்த வங்கியும் தராது.

ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி செய்தும் பலனில்லை, ராத்திரி தூக்கமில்லை, தெருமுனை வரை நடக்க முடியவில்லை என்றால், மூட்டு மாற்று நல்ல வைத்தியம்தான். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு விலை வரம்பு வைத்தது. சராசரியாக 1,58,324 ரூபாய் போட்டிருந்த கோபால்ட் குரோமியம் மூட்டு, ஜி.எஸ்.டி. நீங்கலாக 54,720 ரூபாய்க்கு வந்தது. பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ, புதுச்சேரி ஜிப்மரிலோ இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேளுங்கள். இரண்டுமே நமக்குப் பஸ் தூரம்தான்.

காய்ச்சலோடு முழங்கால் வீங்கிச் சிவந்தால், பயிற்சி என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். சிறுநீரகம், இதயம், பி.பி. கோளாறு உள்ளவர்கள் மெடிக்கல் ஷாப்பில் தாமாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

நான் செய்வது இதுதான். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குவேன். காலுக்குப் பத்து முறை. பிறகு கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவேன். பிசியோதெரபி அம்மா ஒருவர் பார்த்துத் திருத்திச் சொல்லிக் கொடுத்தது. மூன்று மாதத்தில் வலி போய்விடவில்லை. பத்துக்கு எட்டாக இருந்தது மூன்றாகியிருக்கிறது. மாடிக்குக் காய்கறிப் பையோடு ஏறுகிறேன்.

நிறைவாக இரண்டு கோரிக்கைகள். நம் படிக்கட்டில் ஒரு பக்கம்தான் கைப்பிடி இருக்கிறது. மேல்மாடி அக்கா ஒருவர் தீபாவளிக்குப் பிறகு கீழே இறங்கவே இல்லை. இறங்கும்போது பிடிக்க வேண்டிய பக்கம் வெறும் சுவர். பராமரிப்பு நிதியிலிருந்து அந்தப் பக்கமும் ஒரு கைப்பிடி போட்டுத் தர வேண்டும். இரண்டாவது, தினமும் மாலை ஐந்தரைக்குக் கீழே போர்ட்டிகோவில் பத்து நாற்காலி போடுகிறேன். வாருங்கள், சேர்ந்து காலை நீட்டுவோம். அந்த அக்காவும் வந்து உட்காரும் நாளில் டிகிரி காபி என் செலவு.