எட்டு ஒயர் மோட்டாரும் எரிந்துபோன இரண்டு டிரைவும்

(நலச்சங்கக் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடிநீர், தெருவிளக்கு, குப்பை வண்டி பற்றியெல்லாம் செயலாளர் பேசி முடித்துவிட்டார். எனக்குக் கொடுத்திருக்கும் பத்து நிமிஷத்தில் என்னுடைய தப்பு ஒன்றைச் சொல்லப் போகிறேன். வீட்டில் மெஷின் செய்து பார்க்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இதைக் காட்டுங்கள்.

நம் தெருப் பையன் ஒருவன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பிளைவுட் வெட்டும் சிறிய சி.என்.சி. ரவுட்டர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். குலசை தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்குக் கிரீடம், ஆயுதம் எல்லாம் அதில் வெட்டிக் கொடுக்கலாம் என்பது அவன் கணக்கு. பழைய மெஷினிலிருந்து கழற்றிய மூன்று ஸ்டெப்பர் மோட்டார் கிடைத்தது. ஒவ்வொன்றிலும் எட்டு ஒயர். "அண்ணாச்சி, இதை எப்படி மாட்டணும்?" என்று என்னிடம் வந்தான். நாற்பது வருஷம் மோட்டார் வேலை பார்த்தவன் என்ற நினைப்பில், "இந்தப் படத்தில் இருக்கிற கலர்படி மாட்டு தம்பி" என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே ஒரு டிரைவ் புகைந்தது. மறுநாள் இன்னொன்று. "போதும் அண்ணாச்சி, எல்லாத்தையும் பழைய இரும்புக் கடையில போட்டுருதேன்" என்றான். அந்த வார்த்தை எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

தப்பு எங்கே என்று பார்ப்போம். 1937இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் செய்த மோட்டார் முதல், நம் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் வரை, கரண்ட் கொடுத்தால் ஓடும். ஸ்டெப்பர் மோட்டார் அப்படி ஓடாது. அது எட்டு வைத்து நடக்கும். பெரும்பாலானவை ஓர் எட்டுக்கு 1.8 டிகிரி, ஒரு சுற்றுக்கு 200 எட்டு. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும் திருகை அதில் மாட்டினால், ஓர் எட்டுக்கு 0.025 மில்லிமீட்டர். எந்தச் சுருளுக்கு எப்போது எந்தத் திசையில் கரண்ட் கொடுப்பது என்பதை டிரைவ்தான் பார்த்துக்கொள்கிறது.

டிரைவில் மோட்டாருக்கு நாலு முனைதான்: ஏ+, ஏ-, பி+, பி-. மோட்டாரில் நாலு ஒயர் என்றால் இரண்டு சுருள். மல்டிமீட்டரில் ஓம் காட்டும் ஜோடியைக் கண்டுபிடித்து மாட்டினால் முடிந்தது. ஆறு ஒயர் என்றால் ஒவ்வொரு சுருளுக்கும் நடுவில் ஓர் ஒயர் கூடுதல். நடுவுக்கும் முனைக்கும் 3 ஓம் என்றால், முனைக்கு முனை 6 ஓம் காட்டும். முனைகளை மாட்டிவிட்டு, நடு ஒயரைத் தனியாக டேப் சுற்றி விடுங்கள். ஐந்து ஒயர் மோட்டாரில் இரண்டு நடுவும் உள்ளேயே சேர்ந்திருக்கும். இந்த டிரைவ்களுக்கு அது சரிப்படாது.

எட்டு ஒயர் என்றால் நாலு தனிச் சுருள். இரண்டு ஏ பக்கம், இரண்டு பி பக்கம். ஜோடியை ஓம் காட்டும். ஆனால் எந்த இரண்டு சுருள் ஒரே பக்கம், எது தலை, எது வால் என்று ஓம் காட்டாது. கலரும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நான் கவிழ்ந்தது இங்கேதான். ஒரே பக்கத்துச் சுருள் இரண்டைத் தலைகீழாகச் சேர்த்தால் ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். சுருளின் இண்டக்டன்ஸ்தான் கரண்ட் சட்டென்று ஏறாமல் பிடித்து வைக்கிறது. அது இல்லாமல் போனால் டிரைவுக்கு முன்னால் வெறும் செம்புக் கம்பிதான். பிறகு புகை வராமல் என்ன செய்யும்?

டேட்டா ஷீட் கிடைக்காவிட்டால் இதைச் செய்யுங்கள். மோட்டாரை டிரைவிலிருந்து முழுக்கக் கழற்றிவிட்டு, அதன் தண்டை டிரில் மெஷினில் பிடித்து மெதுவாக, ஒரே வேகத்தில் சுற்றுங்கள். இப்போது மோட்டாரே ஜெனரேட்டர். ஒயர் முனைகளைக் கையால் தொடாதீர்கள். ஒரு சுருளில் ஏ.சி. வோல்ட் அளந்தால், உதாரணமாக 4 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரில்லை நிறுத்தி, இரண்டு சுருளை ஒரு முனையில் சேர்த்து, மீண்டும் அதே வேகத்தில் சுற்றி மற்ற இரு முனைகளில் அளந்து பாருங்கள்.

8 வோல்ட் வந்தால் ஒரே பக்கம், சரியான திசை. கிட்டத்தட்ட பூஜ்யம் வந்தால் ஒரே பக்கம், ஆனால் தலைகீழ். ஒரு சுருளைத் திருப்பிச் சேர்க்கவும். 5.6 வோல்ட் அளவில் வந்தால் ஒன்று ஏ, மற்றது பி. வேறு சுருளைப் பாருங்கள்.

8 வோல்ட் வந்தவுடன் ஒயர்களில் வரிசையாக நம்பர் ஒட்டுங்கள். முதல் சுருளின் வெளிமுனை 1, சேர்ந்த முனை 2. அதோடு சேர்ந்த அடுத்த சுருளின் முனை 3, அதன் வெளிமுனை 4. தொடராக மாட்ட வேண்டுமானால் 2ஐயும் 3ஐயும் சேர்த்து டேப் சுற்றி, 1ஐ ஏ+க்கும் 4ஐ ஏ-க்கும் கொடுங்கள். இணையாக என்றால் 1, 3 சேர்ந்து ஏ+. 2, 4 சேர்ந்து ஏ-. பி பக்கமும் இதே மாதிரிதான்.

எது நல்லது? தொடரில் இண்டக்டன்ஸ் நாலு மடங்கு. மெதுவாகப் போகும்போது நல்ல இழுவை, வேகம் கூடினால் பலம் குறையும். இணையில் வேகத்திலும் பலம் நிற்கும், ஆனால் டிரைவ் கூடுதல் கரண்ட் தர வேண்டும். ஒரு தனிச் சுருளுக்கு 2 ஆம்பியர் என்றால் தொடருக்கு 1.4, இணைக்கு 2.8 ஆம்பியர். டிரைவின் மேல் இருக்கும் அட்டவணையில் உச்ச கரண்ட், ஆர்.எம்.எஸ். கரண்ட் என்று இரண்டு வரிசை இருந்தால் எது எது என்று பார்த்து சுவிட்சைத் தள்ளுங்கள்.

மறக்கக் கூடாத மூன்று விஷயம். ஒன்று, டிரைவில் கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றாதீர்கள், மாட்டாதீர்கள். அந்த ஒரு பொறியே டிரைவைக் கொல்லும். இரண்டு, பவர் சப்ளைக்குள் வருவது 230 வோல்ட். மெஷின் பாடிக்கு எர்த் இல்லாமல் சுவிட்ச் போட வேண்டாம். மூன்று, நம்முடையது உப்புக்காற்று ஊர். வெறும் செம்பை முறுக்கி மாட்டினால் பச்சை பூத்துப் பிடி விட்டுவிடும். லக் வைத்து அழுத்தி மாட்டுங்கள், மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

இந்த முறையில் மூன்று மோட்டாரையும் நானும் அவனும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பிரித்தறிந்தோம். மூன்றிலும் நான் சொன்ன கலர் தப்பு. எரிந்த இரண்டு டிரைவுக்கும் காசு நான் கொடுத்தேன். அவன் வாங்க மாட்டேன் என்றான், அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கொடியேற்றத்துக்கு நாலு நாள் முன்பு முதல் கிரீடம் வெட்டி எடுத்தான்.

குலசையில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். பல செயற்கைக்கோள்களில் சூரியத் தகட்டைத் திருப்புவதும் இந்த வகை மோட்டார்தான். நம் பிள்ளைகளுக்கு அது எட்டாத விஷயமில்லை. பெரியவர்கள் நாம் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாமல் இருந்தால் போதும்.

மல்டிமீட்டரும் டிரில்லும் என் வீட்டில் இருக்கின்றன. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் யார் வந்தாலும் சேர்ந்து பார்க்கலாம். மோட்டாரை மட்டும் கொண்டு வாருங்கள். கலர்ப் படம் வேண்டாம்.