கம்பியில்லாக் கருவியும் கடைமடையும்



திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் சாலையில், காவிரியின் தென்கரையில் ஜீயபுரம் இருக்கிறது. நெல்லும் வாழையும் செழிக்கும் ஊர். அருகே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டிய இடம் அதுவே. ஆற்றுப் பாசனம் அறிந்த உழவர், கடைமடையில் பயிர் வாடினால், அங்கேயே நின்று காரணம் தேடுவதில்லை. வாய்க்காலின் தலைப்பிலிருந்து ஒவ்வொரு மதகாகப் பார்த்துக்கொண்டே வருவார். இன்று நாம் ஆராயப்போகும் நுண்ணிய கருவிக்கும் இம்முறையே பொருந்தும்.

வாழைத் தோட்டத்து மண்ணின் ஈரத்தை அளந்து, அதனை வீட்டிலுள்ள கைபேசிக்குத் தெரிவிக்கும் சிறு சாதனத்தை மாணவரும் அமைக்கலாம். 2005-ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரியா நகரில் தோன்றிய அர்டுயினோ பலகை அதற்கு மூளை. இஎஸ்பி 8266 என்னும் சில்லைத் தாங்கிய சிறிய வைஃபை துண்டு அதற்கு வாய். ஷாங்காய் நகரத்து எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இச்சில்லு 2014 முதல் உலகெங்கும் பரவிற்று. இது பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த ஆற்றலில் உரிமமின்றிப் பயன்படுத்த இந்திய அரசு 2005-இல் வழிவகுத்தது.

ஆயினும் இணைத்து முடித்த பின்பு பலருக்கும் கிடைப்பது மௌனமே. விளக்கு எரிகிறது, செய்தி போவதில்லை. துண்டு பழுது என்று முடிவுகட்டி வேறொன்று வாங்குகின்றனர், அதுவும் பேசுவதில்லை. பணம் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். இரவில் டார்ச் விளக்குடன் மோட்டார் போடச் செல்லும் உழவர், இக்கருவியை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன ஆகும்? அதன் மௌனத்துக்கு "ஈரம் போதும்" என்று பொருளா, "நான் செயலிழந்தேன்" என்று பொருளா? இதை அவர் எவ்வாறு அறிவார்?

ஆகவே தலைப்பிலிருந்து தொடங்குவோம். முதல் மதகு மின்சாரம். இத்துண்டுக்கு வேண்டுவது 3.3 வோல்ட், 5 வோல்ட் கொடுத்தால் கெட்டுவிடும். அர்டுயினோ ஊனோ பலகையிலும் 3.3 வோல்ட் முனை ஒன்று உண்டு. ஆனால் அது தரக்கூடியது 50 மில்லி ஆம்பியர் மட்டுமே. வைஃபை துண்டோ, அலையை அனுப்பும் கணத்தில் 170 மில்லி ஆம்பியரும், சில வேளைகளில் அதற்கு மேலும் இழுக்கும். சிறு வாய்க்காலில் பெரு வயலுக்கு நீர் பாயுமா? கட்டளைக்கு ஒழுங்காக விடையளித்துவிட்டு, வலையில் சேர முயலும்போது மட்டும் துண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குமாயின், மின்சாரம் போதவில்லை என்றே முதலில் ஐயுற வேண்டும். 500 மில்லி ஆம்பியர் வழங்கவல்ல தனி 3.3 வோல்ட் மின்மூலமும், துண்டின் அருகிலேயே ஒரு மின்தேக்கியும் அமைப்பது நலம்.

இரண்டாவது மதகு கம்பிகள். பலகை, துண்டு, மின்மூலம் ஆகிய மூன்றின் நில முனைகளும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். ஒன்றின் அனுப்பும் முனை மற்றதன் பெறும் முனைக்குச் செல்ல வேண்டும். ஒருவர் வாய் மற்றவர் செவிக்கு நேராக இருப்பதுதானே உரையாடல்? பலகையின் 5 வோல்ட் குறிப்பலையை நேரே விடலாகாது. 1,000 ஓம் தடை வழியாக அதனைக் கொணர்ந்து, அத்தடையின் மறுமுனையிலிருந்து நிலத்துக்கு 2,000 ஓம் தடை இட்டால், இரண்டும் சேருமிடத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அஃதாவது ஏறத்தாழ 3.3 வோல்ட் கிடைக்கும். அங்கே துண்டின் பெறும் முனையை இணைக்கலாம்.

மூன்றாவது மதகு பேச்சின் வேகம். 'ஏடி' என்னும் இரண்டெழுத்துக் கட்டளைக்கு 'ஓகே' என்று விடை வர வேண்டும். பொருளற்ற எழுத்துக்கள் வந்தால், இருபுறமும் வேகம் ஒத்திருக்கவில்லை என்று கொள்ளலாம். துண்டுகள் பல 115200 என்னும் வேகத்தில் பேசுகின்றன. மென்பொருளால் அமைத்த இணைப்பில் அர்டுயினோ அவ்வேகத்தைத் தவறின்றிக் கேட்பது அரிது. 9600 ஆகக் குறைத்துக்கொள்வது உத்தமம்.

கடைசி மதகுதான் வலை. சேர முடியாவிடில் துண்டே ஓர் எண்ணால் காரணம் சொல்கிறது. 1 என்றால் காலம் கடந்தது. 2 என்றால் கடவுச்சொல் பிழை. 3 என்றால் அப்பெயரில் வலை தென்படவில்லை. 4 என்றால் இணைப்பு தோல்வியுற்றது. வீட்டு வைஃபை பெட்டி 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசினால், இச்சில்லுக்கு அது கேட்கவே கேட்காது.

ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றியதைக் குறித்து வையுங்கள். மூன்றை ஒருங்கே மாற்றிக் கருவி இயங்கிவிட்டால், எது குற்றம் என்பது தெரியாமலே போய்விடும். அக்குற்றம் மறுபடியும் வரும்.

இறுதியாக ஒன்று. எல்லாம் சரியாக இருக்கும்போதும், மணிக்கு ஒருமுறை "நலம்" என்னும் செய்தியை அனுப்பக் கருவிக்குக் கற்பியுங்கள். அச்செய்தி நின்றால் உழவர் தாமே தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்பார். பழுதே வராத கருவி உலகில் இல்லை. பழுதை மறைக்காத கருவியைச் செய்வது நம்மால் இயலும்.