எங்கே போவது?



பட்டம் பெறும் பிள்ளைகளே, உங்களில் பலர் நாளை பிரதேச செயலகங்களிலும் பாடசாலைகளிலும் திணைக்களங்களிலும் பொறுப்பேற்கப் போகிறீர்கள். அதனால்தான் இந்த நல்ல நாளில் அனர்த்தங்களைப் பற்றிப் பேசத் துணிந்தேன்.

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தது. சுனாமி அலை இலங்கையின் கிழக்குக் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையோர மக்களுக்கு ஒரு சொல்கூடப் போய்ச் சேரவில்லை. தென்மேற்குக் கரையிலுள்ள பெரலியவில் முதல் அலைக்குத் தப்பியவர்கள், பாதுகாப்பென்று நம்பி, நின்றிருந்த ரயிலில் ஏறினார்கள். அடுத்த அலை ரயிலையே புரட்டியது. நாடெங்கும் 30,000க்கும் அதிகமானோரை இழந்தோம். மறு ஆண்டே அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதற்கென நிலையமும் உருவானது.

அன்று நம்மிடம் தகவல் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து மீரியபெத்தையில் தகவல் இருந்தது.

பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள தோட்டம் அது. 2014 ஒக்டோபர் 29 காலை, பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பிறகு, மலை சரிந்து லயன்களை மூடியது. திரும்பி வந்த பிள்ளைகளில் சிலருக்கு வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

சொல்லியும் ஏன் போகவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. எங்கே போவது? தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு ஒரு பேர்ச் காணி சொந்தமில்லை. வேலையும் லயனும் ஒரே தோட்டத்தில் கட்டுண்டவை. போகச் சொல்லும் கடிதம் போக ஓர் இடத்தையும் காட்டவில்லையென்றால், அதை எச்சரிக்கை என்று நான் ஏற்கமாட்டேன். பழியை மக்கள்மீது போட அது ஒரு வழி, அவ்வளவுதான்.

2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைநாடு மறுபடியும் சரிந்தது. அந்தப் புயலில் நாடெங்கும் இறந்தோர் 600க்கும் மேல்.

மலை பெரும்பாலும் அடையாளம் காட்டிவிட்டே சரிகிறது. தரையிலும் சுவரிலும் வெடிப்பு விழும், மரங்கள் சாயும், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும், தெளிந்த நீர் கலங்கி வரும். ஒரு நாளில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஆபத்தான சரிவில் இருப்போர் வெளியேற வேண்டும். ஒரு மழைமானியும் அதைப் படிக்கத் தெரிந்த ஒரு மாணவியும் இருந்தால் மழையை எந்தத் தோட்டப் பாடசாலையிலும் அளக்கலாம். ஆசிரியராகப் போகிறவர்கள் முதல் தவணையிலேயே தொடங்குங்கள்.

அலுவலகம் போகிறவர்களிடம் வேறொன்று கேட்கிறேன். உங்கள் பிரிவின் மண்சரிவு அபாய வரைபடத்தைக் கேட்டு வாங்கி, மழைக்காலத்துக்கு முன் அந்தச் சரிவுகளுக்கு நடந்து போய்ப் பாருங்கள். அறிவித்தல் தமிழிலும் போனதா என்று பாருங்கள். தங்குமிடமாகக் குறித்த மண்டபத்தில் தண்ணீரும் மலசலகூடமும் இருக்கின்றனவா, இரவில் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். மாற்றுக் காணி கேட்கும் கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால் அன்றே மேலே அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.