ஆற்றைக் கட்டியவர்கள்



ஆறுகள் நாகரிகத்தின் தொட்டில் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். நைல், யூப்ரடீஸ், டைகிரிஸ், சிந்து, மஞ்சள் ஆறு என்று வரிசையாக ஒப்பித்தும் இருக்கிறோம். அந்தப் பாடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆறு தானாக ஓடிவந்து சோறும் நகரமும் எழுத்தும் கொடுத்துவிட்டுப் போனதுபோல அது ஒலிக்கிறது. கரையை உயர்த்தியவர்கள், வாய்க்கால் வெட்டியவர்கள், வருஷம் தவறாமல் தூர் வாரியவர்கள் யாரும் அதில் கண்ணில் படுவதில்லை. இன்று அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இடம், இன்றைய ஈராக்கின் தென்பகுதி. பழைய காலத்தில் அதற்குச் சுமேர் என்று பெயர்.

அந்த நிலத்தை முதலில் மனதில் கொண்டுவாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான வண்டல் பூமி. கல் கிடையாது, வீடு கட்ட நல்ல மரம் கிடையாது, செம்பு கிடையாது. மழை ஆண்டுக்கு 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை நம்பி ஒரு படி தானியம்கூட விதைக்க முடியாது. இருப்பதெல்லாம் மண், நாணல், பேரீச்சை, இரண்டு ஆறுகள்.

அந்த ஆறுகளும் உழவனுக்கு அனுசரணையாக ஓடவில்லை. யூப்ரடீஸும் டைகிரிஸும் துருக்கி மலைகளிலிருந்து வருகின்றன. அங்கே பனி உருகி, தெற்கே வெள்ளம் வந்து சேர்வது ஏப்ரல், மே மாதங்களில். சுமேரில் விதைப்பதோ ஐப்பசி, கார்த்திகை வாக்கில், அறுப்பது சித்திரையில். விதைக்கிற காலத்தில் ஆறு வற்றிக் கிடக்கும். கதிர் முற்றி அரிவாளுக்குக் காத்திருக்கும்போது வெள்ளம் கரைபுரண்டு வரும். வேண்டியபோது இல்லாத தண்ணீர், வேண்டாதபோது வந்து நின்றது.

எகிப்தியர் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் கோடை மழையால் நைலில் ஜூலைக்குப் பிறகு தண்ணீர் ஏறும், அக்டோபரில் வடியும். வடிந்த ஈரத்தில் விதைத்துவிடலாம். ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து ஆண்டுவாரியாகக் கல்லில் பொறித்தும் வைத்தார்கள். பலெர்மோ கல் என்று இன்று அழைக்கப்படும் கல்வெட்டில் அந்தக் கணக்கு இருக்கிறது. சுமேரியருக்கு இந்தச் சௌகரியம் இல்லை. பயிருக்குத் தண்ணீர் கொண்டுவரவும் வேண்டும், பயிரிலிருந்து தண்ணீரைத் தள்ளிவைக்கவும் வேண்டும்.

இன்னொரு சங்கதி. ஆண்டாண்டாக வண்டலைக் கொட்டிக் கொட்டி யூப்ரடீஸ் தன் படுகையையே உயர்த்திக்கொண்டது. சுற்றியுள்ள வயலைவிட ஆறு மேட்டில் ஓடியது. கரையில் ஒரு வெட்டு வெட்டினால் போதும், தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும். அதே வெட்டு வெள்ளக் காலத்தில் பெரிய உடைப்பாகிவிட்டால் ஊரே போகும். ஒரு குடும்பம் தனியாகச் சமாளிக்கக்கூடிய காரியமா இது? மண்வெட்டியோடு பத்து வீட்டு ஆட்களாவது ஓடிவந்தாக வேண்டும்.

சுமேரின் எரிது என்ற ஊரை 1946 முதல் 1949 வரை ஃபுவாத் சஃபர், சீட்டன் லாய்டு என்ற இரு தொல்லியலாளர்கள் அகழ்ந்தார்கள். ஒரு கோயிலுக்குக் கீழே இன்னொரு கோயில், அதற்குக் கீழே இன்னொன்று என்று தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தன. அடியில் இருந்தது ஒரு சின்னஞ்சிறு செங்கல் அறை. இன்றைக்கு ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. எரிதுவின் கோயில்களில் படையலாக வைத்த மீன்களின் முள் கிடைத்தது. சதுப்பு நிலத்து மீனும் நாணலும்தான் அந்த மக்களின் முதல் சொத்து என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அப்படியானால் வாய்க்கால்களை வெட்டவைத்தது யார்? பெரிய வாய்க்கால்களை வெட்டவும் காக்கவும் சர்வ அதிகாரம் கொண்ட அரசு தேவைப்பட்டது, அதிலிருந்துதான் கீழை நாடுகளின் கொடுங்கோன்மை பிறந்தது என்று கார்ல் விட்ஃபோகல் என்ற அறிஞர் 1957இல் ஒரு நூலில் வாதிட்டார். அந்தக் கருத்து வெகுகாலம் செல்வாக்கோடு இருந்தது. ராபர்ட் ஆடம்ஸ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் ஈராக்கின் சமவெளியைப் பல ஆண்டுகள் சுற்றி, வான்படங்களையும் வைத்துக்கொண்டு, பழைய ஊர்களையும் வாய்க்கால் தடங்களையும் வரைபடமாக்கினார். அவர் கண்டது வேறு. ஆரம்ப கால வாய்க்கால்கள் குட்டையானவை. இயற்கையான ஓடைகளை ஒட்டி அந்தந்த ஊராரே வெட்டிப் பராமரிக்கக்கூடியவை. அரசர்களின் பெருங்கால்வாய்கள் நகரங்கள் தோன்றியதற்கு வெகு காலம் கழித்தே வந்தன. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ஊர் கூடி வாய்க்கால் வெட்டியது முதலில், அரண்மனை பிறகு.

கி.மு. 3300 வாக்கில் உருக் என்ற நகரம் 200 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தது. அன்றைய உலகில் அதற்கு இணையான ஊர் இருந்ததாகத் தெரியவில்லை. அங்கே 1930களில் ஒரு கல் ஜாடி கிடைத்தது. சுமார் ஒரு மீட்டர் உயரம். அதில் அடுக்கடுக்காகச் சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள். அடியில் அலையலையாகத் தண்ணீர். அதற்கு மேலே பயிர். அதற்கும் மேலே வரிசையாக ஆடுகள். அடுத்த அடுக்கில் கூடையும் பாத்திரமும் ஏந்தி நடக்கும் ஆண்கள், உடம்பில் துணியில்லாமல். உச்சியில் இனான்னா தெய்வத்தின் சந்நிதி, அவளுடைய நாணல் தூண்கள். ஒரு சமுதாயம் தன்னையே இவ்வளவு தெளிவாகப் படம் போட்டு வைத்தது அபூர்வம். 2003 ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது இந்த ஜாடியைப் பீடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஜூன் மாதம் அது துண்டுகளாகத் திரும்பிவந்தது. பிறகு ஒட்டிச் சேர்த்தார்கள்.

அந்த ஜாடியில் கூடை சுமந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? அதே உருக்கில் விளிம்பு சாய்ந்த மண் கிண்ணங்கள் மலைமலையாகக் கிடைத்திருக்கின்றன. அழகு, வேலைப்பாடு எதுவும் கிடையாது. களிமண்ணை அச்சில் வைத்துக் கையால் அமுக்கி எடுத்தவை. உட்புறத்தில் விரல் இழுத்த தடம் இன்னும் தெரிகிறது. வேலை செய்தவர்களுக்குத் தானியமோ ரொட்டியோ அளந்து கொடுத்த கிண்ணம் இது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆரம்பகாலச் சுமேரிய எழுத்தில் சாப்பிடுவதைக் குறிக்கும் அடையாளம் என்ன தெரியுமா? ஒரு மனிதத் தலை, அதன் வாயருகே இந்தக் கிண்ணம்.

எழுத்து பிறந்த கதையும் இங்கேதான். உருக்கில் கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகளில் பெரும்பாலானவை கணக்கு. இத்தனை அளவு பார்லி, இத்தனை ஆடு, இத்தனை ஜாடி பீர், வாங்கியவர் யார், கொடுத்தவர் யார். ஒரு பலகையில் சுமார் 29,000 அளவு பார்லி, 37 மாதங்கள் என்று குறித்து, கூடவே குஷிம் என்று படிக்கக்கூடிய அடையாளங்கள் இருக்கின்றன. குஷிம் என்பது ஓர் ஆளின் பெயரோ, ஒரு பதவியின் பெயரோ. ஆள்தான் என்றால், எழுத்தில் பதிவான மிகப் பழைய மனிதப் பெயர்களில் ஒன்று ஒரு கிடங்குக் கணக்கருடையது.

பிற்காலத்தில், கி.மு. 21ஆம் நூற்றாண்டில், கணக்கு இன்னும் நுணுக்கமாகிவிட்டது. உம்மா நகரத்துப் பலகைகளில் வாய்க்கால் வேலைக்கு மண் அளந்த கணக்கு உண்டு. ஓர் ஆள் ஒரு நாளில் வெட்டி எடுக்க வேண்டிய மண் இன்றைய அளவில் சுமார் 3 கன மீட்டர். வாய்க்காலின் நீளம், அகலம், ஆழத்தைப் பெருக்கி, இதனால் வகுத்தால் எத்தனை ஆள் தேவை என்று தெரிந்துவிடும். பிற்காலப் பாபிலோனியப் பிள்ளைகள் பள்ளியில் போட்ட கணக்குகளில் இதே வாய்க்கால் கணக்கும் இருந்தது. கூலியும் அப்படியே அளந்துதான். உழைக்கும் ஆணுக்கு மாதம் ஏறத்தாழ 60 லிட்டர் பார்லி. பெண்ணுக்கு வழக்கமாக 30 லிட்டர். நெசவுக்கூடங்களில் தறியோடு தேய்ந்த அந்தப் பெண்களுக்குப் பாதிக் கூலி என்பதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

உழவர்களுக்கென்றே ஒரு சுமேரிய நூல் இருக்கிறது. நூறு வரிகளுக்குச் சற்று மேல். ஒரு தகப்பன் மகனுக்குச் சொல்வதாக அமைந்தது. மடை திறந்து வயலில் தண்ணீர் விடும்போது மட்டம் அதிகம் ஏறாமல் பார்த்துக்கொள்வது, ஈரம் காயும் பக்குவத்தில் மாடுகளை விட்டு மிதிக்க வைப்பது, பயிர் எந்த உயரம் வந்தால் அடுத்த தண்ணீர் என்பது எல்லாம் அதில் உண்டு. விதைக்கும் கலப்பையில் ஒரு குழல் பொருத்தி, சாலோடு சாலாக விதையை இறக்கினார்கள். நம் குடியானவர்கள் யார் அந்த நூலைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள்.

இனி, தகராறு. தலைமடையும் கடைமடையும் இருக்கிற இடத்தில் தகராறு இல்லாமலிருக்குமா? உம்மா மேலே இருந்தது, லகாஷ் என்ற நகரம் கீழே. இரண்டுக்கும் நடுவே ஒரு வளமான வயல்வெளி. கிஷ் நகரத்து அரசன் மெசிலிம் மத்தியஸ்தம் செய்து எல்லைக்கல் நட்டான். அதை உம்மாக்காரர்கள் பிடுங்கிப் போட்டார்கள். லகாஷின் அரசன் எயன்னாட்டும் போரிட்டு வென்று, எல்லையில் கால்வாய் வெட்டி, அந்த நிலத்தில் விளைந்த தானியத்துக்கு உம்மா கடன் செலுத்த வேண்டும் என்று விதித்தான். அவன் நாட்டிய வெற்றிக்கல் இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எதிரிகளின் தலைகளைக் கழுகுகள் கொத்திச் செல்லும் காட்சி அதில் உண்டு. பிறகும் அடங்கவில்லை. எல்லைக் கால்வாயின் தண்ணீரை உம்மா திருப்பிவிட்டது. கி.மு. 2400 வாக்கில் என்மெட்டேனா என்ற லகாஷ் மன்னன் தலைமுறைகளாக நடந்த இந்த வழக்கு முழுவதையும் ஒரு களிமண் கூம்பில் எழுதி வைத்தான். தன் பக்கத்து நியாயம் மட்டும்தான் அதில் இருக்கிறது. ஆனாலும் தண்ணீர்த் தகராறு ஒன்றை ஆதியோடந்தமாகச் சொல்லும் மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று.

போரைவிட மெதுவாக, ஆனால் ஆழமாக அந்த நாட்டைத் தாக்கியது உப்பு. ஆற்றுநீரில் கரைந்த உப்பு கொஞ்சம் எப்போதும் இருக்கும். தட்டையான பூமியில் பாய்ச்சிய நீருக்கு வடிகால் இல்லை. நிலத்தடி நீர் மேலே வரும், வெயில் அதை உறிஞ்சும், உப்பு மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கும். களர் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு வருஷம் பயிர், ஒரு வருஷம் தரிசு என்று விட்டுவைத்தால், தரிசில் முளைக்கும் முட்செடிகளின் ஆழமான வேர்கள் அடிநீரை இழுத்து நிலத்தைத் தேற்றும். மகசூல் ஆசையில் இந்த முறையை மீறினால் கேடு. தோர்கில்ட் ஜேக்கப்சனும் ராபர்ட் ஆடம்ஸும் 1958இல் ஒரு கட்டுரையில், உப்பைத் தாங்காத கோதுமை தெற்கில் படிப்படியாகக் குறைந்து, கி.மு. 1700 வாக்கில் பார்லி மட்டுமே மிஞ்சியது என்று காட்டினார்கள். அவர்கள் போட்ட கணக்கைப் பின்னால் வந்த சிலர் மறுத்திருக்கிறார்கள். உப்பு ஒன்றுதான் காரணம் என்று நானும் சொல்லமாட்டேன். ஆறு தடம் மாறியதும், ஓயாத போர்களும் சேர்ந்துகொண்டன.

பிற்காலத்தில் பாபிலோனிலிருந்து இந்த நாட்டை ஆண்ட ஹம்முராபியின் சட்டங்களைப் பலரும் கண்ணுக்குக் கண் என்ற ஒரே விஷயத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே சட்டத்தில் கரையைப் பற்றி இருப்பதைப் பாருங்கள். தன் பங்குக் கரையைச் சோம்பலால் பலப்படுத்தாமல் விட்டு, உடைப்பெடுத்துப் பக்கத்து வயல் அழிந்தால், அழிந்த தானியத்தை அவன் ஈடுகட்ட வேண்டும். முடியாவிட்டால் அவனையும் அவன் உடைமையையும் விற்று, நஷ்டப்பட்டவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். கடுமையான சட்டம்தான். ஒருவன் கவனக்குறைவு ஓர் ஊரின் ஒரு வருஷச் சாப்பாடு என்று அறிந்தவர்கள் எழுதியது.

கல்லும் மரமும் செம்பும் இல்லாத இந்த நாடு அவற்றைக் கடல் கடந்து வாங்கியது. சுமேரை வென்று ஆண்ட அக்காடு மன்னன் சார்கோன், மெலுஹாவின் கப்பல்கள் தன் துறையில் வந்து நிற்பதாகப் பெருமையோடு எழுதினான். மெலுஹா என்பது சிந்துவெளி என்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். சுமேரில் ‘ஊர்’ என்றே பெயர்கொண்ட நகரத்தின் அரச கல்லறைகளில் லியோனார்டு வூல்லி என்ற தொல்லியலாளர் கண்டெடுத்த சூதுபவழ மணிகளில் சில சிந்துவெளி வேலைப்பாடு. அங்கும் பேராறுதான் எல்லாம் என்று நினைத்துவிட வேண்டாம். காலிபங்கன் போன்ற ஊர்கள் நின்ற கக்கர் ஆற்றுத் தடத்தை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த ஊர்கள் செழித்த காலத்துக்கு வெகு முன்பே சட்லஜ் ஆறு அந்தத் தடத்தை விட்டு விலகிவிட்டது என்றது. பெருவெள்ளம் போன பிறகு, பருவமழை ஓடையும் பழைய வண்டலும் எஞ்சிய இடத்தில் மக்கள் குடியேறினார்கள். ஆற்றின் பலத்தைவிட, அதோடு பாதுகாப்பாகப் பிழைக்க முடிவதே அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

தென் ஈராக்கின் சதுப்பு நிலங்களில் இன்றும் நாணலை வளைத்து வீடு கட்டுகிறார்கள். ஐயாயிரம் ஆண்டுப் பழைய உருக் சிற்பங்களில் உள்ள வீடுகளின் சாயல் அப்படியே. 1990களில் சதாம் அரசு அந்தச் சதுப்புகளை வடித்து வற்றவைத்தது. 2003இல் அந்த அரசு வீழ்ந்ததும் மக்களே கரைகளை உடைத்துத் தண்ணீரைத் திரும்ப விட்டார்கள். 2016இல் அந்தச் சதுப்புகளும் உருக், ஊர், எரிது ஆகிய இடிபாடுகளும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் மேலே, துருக்கியில், யூப்ரடீஸ் மேல் அட்டாடர்க் அணை நிற்கிறது. வினாடிக்கு 500 கன மீட்டர் நீர் விடுவதாகத் துருக்கி 1987இல் சிரியாவுக்கு வாக்களித்தது. அப்படி வருவதில் ஈராக்குக்கு 58 சதவீதம், தனக்கு 42 என்று சிரியா 1990இல் ஒப்புக்கொண்டது. 2018 கோடையில், கடல் உப்பு மேலேறிய தென் ஈராக்கின் பாஸ்ராவில் கெட்டுப்போன தண்ணீரால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். மூன்று நாடுகளும் சேர்ந்து கையெழுத்திட்ட முழுமையான பங்கீட்டு உடன்படிக்கை ஒன்று அந்த ஆறுகளுக்கு இன்றுவரை இல்லை.