போனை அழித்துவிடாதீர்கள்

இந்த மேடையில் பேசக் கூச்சப்படும் விஷயம்தான். ஆனால் கூச்சத்தால் நேர்ந்த தவறு ஒன்றில் எனக்கும் பங்கு உண்டு.

வடக்கே ஒரு நகரில் வசிக்கும் நண்பரின் பேத்திக்கு அப்போது பன்னிரண்டு வயது. செல்போன் விளையாட்டில் அறிமுகமான ஒருவன் நைச்சியமாகப் பேசிப் படம் வாங்கி, பிறகு மிரட்ட ஆரம்பித்தான். தகப்பனார் பதறிப்போய் போனிலிருந்த எல்லாவற்றையும் அழித்து, சிம்மையும் மாற்றினார். "நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்குக் கல்யாணம் ஆகுமா?" என்றார் பாட்டி. நண்பர் என்னைக் கேட்டபோது நானும் 'விட்டுவிடுங்கள்' என்றே சொன்னேன். எட்டு மாதம் கழித்து அவன் வேறொரு குழந்தையின் வழக்கில் சிக்கினான். போலீஸார் இவர்களைத் தேடி வந்தபோது கொடுக்க ஒன்றுமில்லை.

அதன் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் புகார் செய்தே ஆக வேண்டும். என் யோசனை சட்டத்துக்கே முரண்! பாட்டியின் பயத்துக்கும் அதில் பதில் இருக்கிறது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயே, சீருடை அணியாமல், இயன்றவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் பதிவு செய்ய வேண்டும். குழந்தையின் அடையாளம் வெளிவரக் கூடாது.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் புலனாய்வு முறையையும் விசாரித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கைரேகை போல 'ஹாஷ்' என்ற எண் உண்டு. தெரிந்த படங்கள் மீண்டும் உலவினால் அதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். 2019-இல் செய்த ஒப்பந்தப்படி, அமெரிக்காவின் குழந்தைகள் பாதுகாப்பு மையத்திலிருந்து நமது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் வருகிறது. அங்கிருந்து மாநிலப் போலீஸுக்குப் போகிறது. தகவலில் முக்கியமானவை ஐ.பி. எண்ணும் நேரமும். ஒரே எண்ணைப் பல செல்போன்கள் ஒரே சமயத்தில் பகிர்வதால் நேரம் நொடி சுத்தமாக வேண்டும். கிரீன்விச் நேரத்தை இந்திய நேரமாக எடுத்துக்கொண்டால் ஐந்தரை மணி பிசகி, அப்பாவி ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட நேரும்.

தாமதமும் ஆபத்து. நீக்கப்பட்ட பதிவுகளை நிறுவனங்கள் 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்பதே 2021 விதி. எட்டு மாதம் எங்கே, ஆறு மாதம் எங்கே!

ஆகவே போனை அப்படியே வைத்திருங்கள். சாட்சிக்கென்று உறவினருக்குப் படத்தை அனுப்பாதீர்கள், அதுவே குற்றமாகலாம். 1098-ஐ அழைக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம்.

நண்பரின் பேத்தி கடைசியில் நடந்ததை வாய்மொழியாகவே சொன்னாள். ஒரு மணி நேரம் பேசினாளாம். பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.