பட்டமும் பாத்தியதையும்

(வெள்ளகோவிலில் நடந்த சுயமரியாதைக் கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று பட்டம் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாமென்று வந்திருக்கிறேன். சர்வகலாசாலையில் கொடுக்கிற பட்டத்தை நான் சொல்லவில்லை. அது படித்தவனுக்கு வருவது. படிக்காமலும் பாடுபடாமலும், இன்னாருக்கு மகனாய்ப் பிறந்தான் என்பதற்காகவே ஒருவன் தலையில் ஏறுகிற பரம்பரைப் பட்டத்தைத்தான் சொல்லுகிறேன்.

நமது காங்கயம் பக்கத்துக்கு இது புதிதல்ல. பழையகோட்டை, காடையூர், சங்கரண்டாம்பாளையம், புதூர் ஆகிய ஊர்களில் பட்டக்காரர் வீடுகள் உண்டு. ஒவ்வொரு பட்டமும் ஒவ்வொரு கூட்டத்துக்கு உரியது. தகப்பனுக்குப் பின் மூத்த மகன் என்பது வழக்கம். இரண்டாவது மகன் எவ்வளவு புத்திசாலியானாலும் அவன் இரண்டாவதுதான். மகளோ கணக்கிலேயே வருவதில்லை.

இது நம்மவர்களுடைய மூடத்தனம், வெள்ளைக்காரன் அறிவாளி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஸ்காட்லாந்து தேசத்தின் மலைப்பக்கத்திலும் இதே மாதிரி கூட்டங்கள் உண்டு, ‘க்ளான்’ என்பார்கள். அவற்றின் தலைவர்கள் ஒரு காலத்தில் தங்கள் குடிகளுக்கு நீதிபதிகளாகவே இருந்தார்கள். 1746-ல் கலோடன் சண்டையில் கலகக்காரர்கள் தோற்றதும், மறு வருஷமே சர்க்கார் ஒரு சட்டம் போட்டு அந்தப் பரம்பரை அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டது. அதிகாரம் போயிற்றே தவிர பட்டம் போகவில்லை. இன்றைக்கும் கூட்டத் தலைவர்களையும் அவர்களுடைய குலச் சின்னங்களையும் அங்கீகரிப்பதற்கென்று ‘லார்டு லயன்’ என்பவருடைய கோர்ட்டு அங்கே நடந்து வருகிறது.

அங்கேயும் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். மெக்ளவுட் கூட்டத்தின் தலைவர் 1935-ல் இறந்தபோது அவருக்கு மகன் இல்லை. மகள் ஃப்ளோரா அம்மையார் தலைமைக்கு வந்து, 1976-ல் சாகும்வரை 41 வருஷம் அந்த ஸ்தானத்தில் இருந்தார். பெண் தலைமைக்கு வந்ததால் அவர்களுடைய கோட்டை இடிந்து விழவில்லை. ஆனால் ஒரு மகன் பிறந்திருந்தால் அந்த அம்மையாரின் பேரை யார் கேட்டிருப்பார்கள்? மகன் இல்லாத குறைக்குத்தான் மகள்!

நம் தமிழ்நாட்டுக் கதை இன்னும் விசேஷம். சிவகங்கைச் சீமையை எதிரியிடமிருந்து 1780-ல் மீட்டு ஆண்டவர் வேலுநாச்சியார் என்கிற பெண்மணி. அதே சிவகங்கையில் 1829-ல் ஜமீன்தார் மகனில்லாமல் இறந்ததும், அவருடைய சகோதரன் மகன் சொத்தை எடுத்துக்கொண்டான். மனைவிமாரும் மக்களும் கோர்ட்டு ஏறினார்கள். மகள் காத்தம நாச்சியாருக்கே பாத்தியம் என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது 1863-ல். 34 வருஷம்! ஒரு பெண் தன் தகப்பன் சொத்தைக் கேட்பதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

தோழர்களே! நீங்கள் மாடு தெரிந்தவர்கள். கண்ணபுரம் தேர்ச் சந்தையில் பொலிகாளை வாங்கப் போகிறவன் என்ன பார்க்கிறான்? பல்லைப் பார்க்கிறான், திமிலைப் பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான். “இது தாய்க்குத் தலையீற்றா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பவன் உண்டா? காங்கயம் மாட்டினத்தைப் பேணி வளர்த்துப் பேரெடுத்தவர் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் (1874–1942). அந்த உபகாரத்துக்கு நாம் நன்றி சொல்லவேண்டியதுதான். ஆனால் அவர் தொழுவத்தில்கூட முதலில் பிறந்த கன்று என்பதற்காக ஒன்றைப் பொலிக்கு விட்டிருப்பாரா? மாட்டுக்கு உள்ள நியாயம் மனிதனுக்கு ஏன் இல்லை?

இது பட்டக்காரர் வீட்டு விஷயம், நமக்கென்ன என்று சும்மா இருந்துவிட முடியாது. பிறவியினால் ஒருவன் தலைவன் என்று ஒப்புக்கொண்டால், பிறவியினால் ஒருவன் பண்ணையத்தில் சாணி அள்ளுகிறவன் என்பதையும் ஒப்புக்கொண்டதாகத்தானே ஆகும்? மேலே இருக்கிற கிரீடமும் கீழே இருக்கிற கூடையும் ஒரே கணக்கில் வந்தவை.

அன்றியும், ஜமீன்களை ஒழிக்க 1948-ல் சட்டம் வந்தது. சர்க்கார் பட்டம் கொடுப்பதை 1950-ல் அரசியல் சட்டம் நிறுத்திற்று. 1971-ல் ராஜாக்களின் மானியமும் போயிற்று. ஆனால் நமது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னப் பட்டக்காரன் உட்கார்ந்திருக்கிறானே, அவனை யார் ஒழிப்பது? ஆண்பிள்ளை என்கிற பட்டத்தைத்தான் சொல்லுகிறேன். பத்து ஏக்கர் மேட்டாங்காடு இருந்தாலும் அது பையனுக்கு. பெண்ணுக்குக் கல்யாணச் சீர், எழுதிங்கள் சீர், அவ்வளவோடு சரி.

பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு 1929-லேயே தீர்மானித்தது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை 60 வருஷம் ஆயிற்று. அதிலும் அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்குப் பங்கு இல்லை. 2005-ல் இந்தியா முழுவதற்கும் சட்டம் வந்தது. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு சந்தேகத்தைத் தீர்த்தது. இவ்வளவுக்குப் பிறகும் நடப்பதென்ன? அக்காளையும் தங்கையையும் காரில் ஏற்றி ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப் போகிறோம். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். வரும்போது ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறோம். “கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும்” என்று அவள் பயப்படுகிறாள். அந்தப் பயத்தில் போட்ட கையெழுத்துக்கு அவள் ‘மனமுவந்து’ எழுதிக் கொடுத்ததாகப் பத்திரத்தில் வாசகம்!

“பிறவிப் பட்டம் கூடாது என்கிற நீர், பிறந்ததற்காகப் பெண்ணுக்குப் பங்கு கேட்கலாமா?” என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஒருவருக்கும் பங்கு வேண்டாம், எல்லாம் பொது என்று சொல்வீர்களானால் நான் முதலில் கை தூக்குகிறேன். ஆனால் பையனுக்குப் பிறவியால் பங்கு, பெண்ணுக்கு மட்டும் பிறவி செல்லாது என்பது எந்த ஊர் நியாயம்?

ஆகையால் தோழர்களே! பட்டத்தைப் பாகம் பிரிக்க முடியாது, அதை விட்டுவிடுங்கள். நிலத்தைப் பாகம் பிரிக்க முடியும், அதைப் பிரியுங்கள். இனி உங்கள் சகோதரியை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப் போவீர்களானால், அவள் பங்கை அவள் பேருக்கு எழுதிக்கொடுப்பதற்காக மாத்திரம் அழைத்துப் போங்கள். தாய்மார்களே! கேட்காத பங்கை யாரும் தரமாட்டார்கள். கேளுங்கள் என்று சொல்லி என் வார்த்தையை முடித்துக்கொள்ளுகிறேன்.