அந்த மூன்று நாட்கள்



நமது மன்னார்க் கடலில் வாழும் கடற்பசுவும் பாலூட்டிதான். ஒரு வருடத்துக்கும் மேலாகச் சுமந்து, ஒரு குட்டியை ஈன்று, துடுப்பின் அடியிலுள்ள முலைக்காம்பால் பாலூட்டுகிறது. அந்தக் குட்டிக்கு மாப்பால் போத்தல் வாங்கிக் கொடுக்க ஆளில்லை!

கர்ப்பகாலத்திலேயே நமது மார்பு சீம்பாலுடன் ஆயத்தமாகிவிடுகிறது. கபச்சுரப்பியின் புரோலக்டின் பாலைச் சுரக்கத் தூண்டும். சூல்வித்தகத்தின் புரொஜெஸ்தரோன் அதைத் தடுத்து வைத்திருக்கும். பிள்ளை பிறந்து, சூல்வித்தகமும் வெளியேறிய பின்னரே தடை விலகும். ஆகவே பால் பெருகி வர 2, 3 நாட்கள் எடுக்கும். இது குறைபாடல்ல.

"பால் காணாது" என்று வீட்டார் போத்தலைத் தேடுவதும் அந்த நாட்களில்தான். போத்தலில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பை உறிஞ்சாது; உறிஞ்சாவிட்டால் புரோலக்டின் குறையும்; பிறகு பால் உண்மையிலேயே காணாமற் போகும். முதல் மணித்தியாலத்திலேயே பிள்ளையை மார்பில் போடுங்கள். ஆரம்பத்தில் சில துளிச் சீம்பாலே பெரும்பாலும் போதும். பிள்ளை சோர்ந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பயமும் பதற்றமும் பாலை இறக்கும் ஒட்சிற்றோசினைத் தடுக்கும். ஆகவே இங்கிருக்கும் அம்மம்மாமாரே, அந்த மூன்று நாட்களும் மகளுக்குத் தைரியம் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய மருந்தை நான் எழுதித் தர முடியாது.